கஜானா காலியானால் யார் சம்பளம் முதலில் நிற்கும்? – கலிஃபோர்னியா, 2009

நம் வளாகத்தில் பல வீடுகளில் மகனோ மகளோ கலிஃபோர்னியாவில் இருக்கிறார்கள். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலும் சான் ஹோசே வீட்டு வாடகையும் மாலை நடையின்போது அடிக்கடி அடிபடுகிற பேச்சு. அத்தனை பணக்கார மாநிலத்தின் அரசாங்கம் 2009 கோடையில் கையில் ரொக்கம் இல்லாமல் புரோநோட்டு எழுதிக் கொடுத்தது என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. "வரலாறு எழுதுகிறீர்களே, ஒரு தடவை வெளிநாட்டு விஷயம் ஏதாவது எழுதுங்களேன்" என்று நம் குடியிருப்போர் சிலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் இந்தக் காலாண்டில் இது.

2009 ஜூலை 2-ஆம் தேதி கலிஃபோர்னியா அரசு தன் கடன்காரர்களுக்குச் செக்குக்குப் பதிலாகப் 'பதிவு வாரண்ட்' என்ற காகிதத்தை அனுப்பத் தொடங்கியது. பத்திரிகைகள் அதற்கு 'ஐ.ஓ.யூ.' என்று பெயர் வைத்தன. 'உனக்கு நான் பாக்கி' என்று அர்த்தம். வட்டி ஆண்டுக்கு 3.75 விழுக்காடு, தவணை அக்டோபர் 2. வருமான வரி ரீஃபண்டுக்குக் காத்திருந்தவர்கள், அரசுக்குச் சரக்கு கொடுத்த வியாபாரிகள் போன்றவர்களுக்குத்தான் இது போனது. பள்ளிக்கூடப் பணம், கடன் வட்டி, ஓய்வூதியம் ஆகியவற்றுக்குச் சட்டப்படி முன்னுரிமை உண்டு; அவை ரொக்கமாகவே போயின. பெரிய வங்கிகள் ஒரு வாரம் இந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தன. ஜூலை 10-க்குப் பிறகு பெரும்பாலான பெரிய வங்கிகள் கையை விரித்துவிட்டன. அரசாங்கத்தின் காகிதத்தைக் கவுண்டரில் திருப்பி அனுப்புவது எங்கள் காலத்து வங்கியில் கனவிலும் நினைக்க முடியாத காரியம். செப்டம்பர் 4-ஆம் தேதி, தவணைக்கு முன்னதாகவே, அரசு இவற்றைத் திரும்ப வாங்கத் தொடங்கியது. அதற்குள் ஏறத்தாழ நாலரை லட்சம் வாரண்டுகள், சுமார் 260 கோடி டாலருக்கு வெளியே போயிருந்தன. இது முதல் தடவையும் இல்லை. 1992 கோடையிலும் அங்கே இரண்டு மாதம் இதே கதைதான்.

ஓட்டை எப்படி விழுந்தது என்பது பெரிய கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மாநிலத்தின் வருமானத்தில் பெரும்பகுதி வருமான வரி. அதிலும் பங்குச் சந்தையில் லாபம் பார்க்கும் பணக்காரர்கள் கட்டுவது அதிகம். 2008-ல் சந்தை விழுந்ததும் வரியும் விழுந்தது. சொத்துவரியைக் கூட்ட 1978-ல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு விடாது. புதிய வரி போட சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அப்போது பட்ஜெட்டை நிறைவேற்றவே அதே மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. இரண்டு நிதியாண்டுகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது பற்றாக்குறை சுமார் 4,200 கோடி டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் நம் பணத்தில் இரண்டு லட்சம் கோடி ரூபாய்.

கவர்னர் அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர். ஆமாம், 'டெர்மினேட்டர்' நடிகரேதான். அங்கே கவர்னர் என்றால் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சரைப் போன்ற பதவி. அவர் முதலில் கை வைத்தது ஊழியர் சம்பளத்தில். 2008-லேயே இதற்கு ஒத்திகை நடந்திருந்தது. ஜூலை 1-ஆம் தேதி நிதியாண்டு பிறந்தும் பட்ஜெட் நிறைவேறவில்லை. பட்ஜெட் இல்லாவிட்டால் ஊழியருக்குக் கூட்டாட்சியின் குறைந்தபட்சக் கூலிக்கு மேல் கொடுக்க முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2003-ல் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது. அதை வைத்து, பட்ஜெட் வரும்வரை சுமார் 2 லட்சம் ஊழியருக்கு மணிக்கு 6.55 டாலர் மட்டும் கொடுங்கள் என்று ஜூலை 31-ஆம் தேதி கவர்னர் உத்தரவு போட்டார். செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரி கன்ட்ரோலர் ஜான் சியாங். அவரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர், கவர்னருக்குக் கீழ்ப்பட்டவர் அல்ல. முடியாது என்றார். சம்பளக் கம்ப்யூட்டர் பல பத்தாண்டு பழையது, கோபால் மொழியில் ஓடுவது, இத்தனை பேருக்குச் சம்பளத்தைக் குறைத்துப் பிறகு பழையபடி ஏற்றுவது நடக்கிற காரியமில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. எங்கள் கிளைக்கு ஏ.எல்.பி.எம். இயந்திரம் வந்த புதிதில் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால், அதை வெறும் சாக்கு என்று என்னால் தள்ள முடியவில்லை.

2009 பிப்ரவரியில் அடுத்த வழி வந்தது. மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை கட்டாய விடுப்பு, சம்பளம் கிடையாது. நம் அலுவலக மொழியில் 'லாஸ் ஆஃப் பே'. ஜூலையில் அது மாதம் மூன்று நாளானது. கணக்குப் பார்த்தால் சம்பளத்தில் சுமார் 14 விழுக்காடு போய்விட்டது. வீட்டுக் கடன் தவணை கட்டுகிற ஒரு கீழ்நிலை குமாஸ்தாவுக்கு 14 விழுக்காடு என்றால் என்னவென்று இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் வாரிய உறுப்பினர்கள் வருகிறார்கள். கலிஃபோர்னியாவில் வாரியங்களுக்கும் ஆணையங்களுக்கும் பஞ்சமே இல்லை. 2004-ல் ஷ்வார்ஸ்நெகர் போட்ட ஒரு சீராய்வுக் குழு 339-ஐ எண்ணி, அதில் 118-ஐ ஒழித்துவிடலாம் என்றது. அடுத்த ஆண்டு 88-ஐ ஒழிக்கப்போவதாக அறிவித்தார். பிறகு அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். இவற்றில் பலவற்றில் உறுப்பினருக்கு மாதச் சம்பளமே கிடையாது. தொழில் உரிமம் கொடுக்கும் வாரியங்களில் கூட்டம் நடக்கும் நாளுக்கு 100 டாலர் படி, அவ்வளவுதான். நம் ஊரில் 'சிட்டிங் ஃபீ' என்போமே, அது. ஆனால் சில வாரியங்களில் முழுநேரச் சம்பளம் இருந்தது. மக்கள் கண்ணில் முள்ளாகக் குத்தியவை அவைதான்.

அவற்றில் பேர்போனது ஒருங்கிணைந்த கழிவு மேலாண்மை வாரியம். பொதுப் பேச்சில் குப்பை வாரியம். ஆறு உறுப்பினர்கள். நால்வரைக் கவர்னர் நியமிப்பார், ஒருவரைச் செனட், ஒருவரைச் சட்டமன்றக் கீழவையின் சபாநாயகர். ஆளுக்கு ஆண்டுச் சம்பளம் சுமார் 1,32,000 டாலர். சட்டமன்ற உறுப்பினருக்கே அப்போது 1,16,208 டாலர்தான்! பதவிக்காலம் முடிந்த சட்டமன்ற உறுப்பினர்கள் இந்த நாற்காலிகளில் உட்காருவது வழக்கமாகிவிட்டிருந்தது. இதற்கும் ஒரு பின்கதை உண்டு. 1990-ல் மக்கள் நிறைவேற்றிய 140-ஆம் முன்மொழிவு, கீழவையில் 6 ஆண்டு, செனட்டில் 8 ஆண்டு, அதற்குமேல் இருக்கக்கூடாது என்று வரம்பு போட்டது. புதிதாக வருபவர்களுக்குச் சட்டமன்ற ஓய்வூதியத்தையும் நிறுத்தியது. அரசியல்வாதியை வீட்டுக்கு அனுப்ப மக்கள் ஒரு கதவை மூடினார்கள். அவர் வாரியத்தின் கதவு வழியாக உள்ளே வந்தார்.

ஆனாலும் அந்த வாரியம் வெட்டி வாரியம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லி நம் சங்கம் ஒட்டிய நோட்டீஸ் லிஃப்ட் பக்கத்தில் எத்தனை மாதமாகத் தொங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். அங்கே 1989-லேயே சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு நகரமும் மாவட்டமும் தன் குப்பையில் 25 விழுக்காட்டை 1995-க்குள்ளும், 50 விழுக்காட்டை 2000-க்குள்ளும் குப்பை மேட்டுக்குப் போகாமல் திருப்ப வேண்டும். அதை மேற்பார்வை பார்த்தது இந்த வாரியம். கொஞ்சம் தாமதமானாலும், மாநிலம் 50-ஐத் தாண்டியது.

ஊழியர் லாஸ் ஆஃப் பே-யில் இருக்கும்போது இவர்களுக்கு மட்டும் முழுச் சம்பளமா என்ற கேள்வி எழாமல் இருக்குமா? பற்றாக்குறை ஆண்டுகளில் நியமன வாரிய உறுப்பினர்களின் சம்பளத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்ற யோசனைக்குப் பின்னால் இருந்த கோபம் இதுதான். கோபம் நியாயமானது. ஆனால் வணிகவியல் படித்தவனுக்குக் கோபத்துக்கு அடுத்தபடியாகப் பேனாவை எடுக்கத் தோன்றும். 1,32,000-ஐ ஆறால் பெருக்கினால் 7,92,000 டாலர். பள்ளமோ 4,200 கோடி. ஒரு லட்சம் ரூபாய் கடனுக்கு இரண்டு ரூபாய் கட்டுவது போன்ற கணக்கு.

இன்னொரு சிக்கல் இதைவிடச் சுவாரசியமானது, ஆனால் அன்றைய சூட்டில் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. குப்பை வாரியத்தின் செலவு மாநிலத்தின் பொது நிதியிலிருந்து வரவில்லை. குப்பை மேட்டில் கொட்டப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் 1.40 டாலர் கட்டணம் வசூலித்து, அதைத் தனிக் கணக்கில் வைத்து, அதிலிருந்துதான் வாரியம் நடந்தது. பள்ளம் விழுந்ததோ பொது நிதியில். உறுப்பினர் சம்பளத்தை நிறுத்தினால் மிச்சமாகும் பணம் குப்பைக் கணக்கில்தான் தங்கும். பொது நிதிக்கு அதைக் கடனாக வேண்டுமானால் மாற்றலாம், வருமானமாக எடுத்துக்கொள்ள முடியாது. நம் சங்கத்திலேயே கார்பஸ் ஃபண்டை எடுத்து லிஃப்ட் ஏ.எம்.சி. கட்டக்கூடாது என்று ஆடிட்டர் சொல்லவில்லையா, அதே மாதிரி. கட்டாய விடுப்பிலும் இதே தவறு நடந்தது. தனி நிதியில் சம்பளம் வாங்கும் ஊழியரையும் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களில் மாநிலத் தொழிலாளர் காப்பீட்டு நிதியத்தின் ஊழியர்கள் வழக்குப் போட்டு வென்றார்கள். பொதுவான கட்டாய விடுப்பு செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் சொன்னது. அதற்குக் காரணமும் கவர்னரின் அதிகாரம் அல்ல. சட்டமன்றம் பிறகு திருத்திய பட்ஜெட்டில் அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது என்பதுதான்.

2009 மே 19-ஆம் தேதி ஆறு முன்மொழிவுகள் மக்கள் வாக்குக்கு வந்தன. வரி நீட்டிப்பு, கடன், நிதி மாற்றம் என்று வந்த ஐந்தையும் மக்கள் தோற்கடித்தார்கள். ஆறாவது 1எஃப். பற்றாக்குறை ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலப் பதவியாளர்களுக்குச் சம்பள உயர்வு கிடையாது என்பது. அது சுமார் 74 விழுக்காடு ஆதரவோடு ஜெயித்தது. மற்ற ஐந்தும் போய், காசே வராத ஒன்று மட்டும் நின்றது! மறுநாளே சம்பள நிர்ணய ஆணையம் சட்டமன்ற உறுப்பினர் சம்பளத்தை 18 விழுக்காடு வெட்டியது. டிசம்பரிலிருந்து அது 95,291 டாலர் ஆனது.

1எஃப்-ஐக் கேலி செய்தவர்கள் உண்டு. அதில் ஒரு வரி மட்டும் எனக்கு மிகவும் பிடிக்கும். பற்றாக்குறை என்றால் என்ன என்று அது சொல்லிவிடுகிறது. நிதி நெருக்கடிக்கென்று வைத்திருக்கும் கையிருப்பு ஜூன் 30-ஆம் தேதி மைனஸில் போக வேண்டும். அந்த மைனஸ் பொது நிதி வருவாயில் குறைந்தது 1 விழுக்காடு இருக்க வேண்டும். ஜூன் 1-க்குள் நிதித்துறை இயக்குநர் அதற்குச் சான்றளிக்க வேண்டும். தேதி, அளவு, கையெழுத்து, மூன்றும் இருக்கின்றன. ஆனால் இது உயர்வை மட்டும் தடுக்கும், உள்ள சம்பளத்தைத் தொடாது. நியமன உறுப்பினர்களை அடியோடு தொடாது. அவர்கள் சம்பளம் வேறு சட்டத்தில் இருந்தது.

கடைசியில் குப்பை வாரியத்தின் சம்பளத்தை யாரும் நிறுத்திவைக்கவில்லை. வாரியத்தையே ஒழித்துவிட்டார்கள். 2009 ஜூலை 28-ஆம் தேதி, திருத்திய பட்ஜெட்டோடு சேர்ந்து அந்த மசோதாவிலும் கவர்னர் கையெழுத்துப் போட்டார். 2010 ஜனவரி 1 முதல் அந்த வேலையெல்லாம் 'கால்ரீசைக்கிள்' என்ற துறைக்குப் போனது. ஆறு பேர் பொதுக் கூட்டத்தில் உட்கார்ந்து, வந்தவர் பேச்சைக் கேட்டு, எல்லோர் முன்னாலும் கை தூக்கி முடிவு செய்த விஷயங்களை அதன்பின் ஒரு இயக்குநர் தன் அறையில் முடிவு செய்தார். சுற்றுச்சூழல் அமைப்புகள் இதைத்தான் எதிர்த்தன. வாரியத்தின் பலனில் பாதி அந்தப் பொதுக் கூட்டம்தான் என்பது என் அபிப்பிராயம். சம்பளத்தை மட்டும் ஓராண்டு நிறுத்தியிருந்தால் கூட்டம் மிஞ்சியிருக்கும்.

இதற்கு எதிர்வாதமும் வலுவானது. ஷ்வார்ஸ்நெகர் கவர்னர் சம்பளத்தையே வாங்கிக்கொள்ளவில்லை. சினிமாவில் சம்பாதித்தவருக்கு அது முடியும். மாதச் சம்பளத்தை நம்பி வாரியத்துக்கு வருகிற ஒரு ஆசிரியருக்கோ பொறியாளருக்கோ, எந்த ஆண்டு சம்பளம் நிற்கும் என்று தெரியாவிட்டால் அவர் வரமாட்டார். வசதி உள்ளவர் வருவார், அல்லது வேறு வழியில் வசதி செய்துகொள்ளத் தெரிந்தவர் வருவார். பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் வேண்டும் என்று சார்ட்டிஸ்டுகள் 1838-ல் கேட்டதற்குக் காரணம் இதுவே. கிடைத்தது 1911-ல்தான், ஆண்டுக்கு 400 பவுண்டு. இதையெல்லாம் யோசித்த பிறகும், கீழே இருப்பவருக்கு 14 விழுக்காடு போகிற ஆண்டில் மேலே இருப்பவருக்கு அதற்குக் குறையாமல் போக வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. மிச்சமாகும் தொகைக்காக அல்ல, கீழே இருப்பவரிடம் போய் விடுப்பு எடு என்று சொல்ல ஒரு முகம் வேண்டும் என்பதற்காக. நம் பொதுக்குழுவில் பராமரிப்பு வசூல் குறைந்தால் முதலில் எழுகிற யோசனை தோட்டக்காரர் போனஸைத் தள்ளிப்போடலாம் என்பது. நிர்வாகிகள் கௌரவ ஊழியம் செய்கிறார்கள், அவர்களிடம் வெட்ட ஒன்றுமில்லை என்பதும் உண்மைதான்.

ஆனால் சம்பளத்தை நிறுத்தும் பேனா யார் கையில் இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குக் கலிஃபோர்னியா அடுத்த ஆண்டே விலை கொடுத்தது. 2010 நவம்பரில் மக்கள் 25-ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். இனி பட்ஜெட்டுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் ஜூன் 15-க்குள் நிறைவேற்றாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் சட்டமன்ற உறுப்பினர் தன் சம்பளத்தையும் படியையும் இழப்பார். பிறகு திரும்பவும் கிடைக்காது.

2011 ஜூன் 15-ஆம் தேதி, கடைசி நாளில், சட்டமன்றம் ஒரு பட்ஜெட்டை நிறைவேற்றியது. மறுநாளே புதிய கவர்னர் ஜெர்ரி பிரவுன் அதை நிராகரித்தார். அவரும் அவர்கள் கட்சிக்காரரே. அப்போது ஒரு கேள்வி வந்தது. நிராகரிக்கப்பட்ட பட்ஜெட்டை நிறைவேற்றியது கணக்கில் வருமா, வராதா? சம்பளச் செக் எழுத வேண்டியவர் அதே ஜான் சியாங். அவர் அந்தப் பட்ஜெட்டைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். செலவு வரவைவிடச் சுமார் 185 கோடி டாலர் அதிகம். சமன் ஆகாத பட்ஜெட் பட்ஜெட்டே அல்ல என்று ஜூன் 21-ஆம் தேதி அறிவித்து, 120 உறுப்பினர்களின் சம்பளத்தையும் நிறுத்தினார். அடுத்த பட்ஜெட் ஜூன் 28-ல் நிறைவேறும்வரை பன்னிரண்டு நாள். ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 400 டாலர் போனது.

மக்கள் கைதட்டினார்கள். பத்திரிகைகளும் பாராட்டின. சட்டமன்றத் தலைவர்கள் வழக்குப் போட்டார்கள். 2012-ல் கீழ் நீதிமன்றமும் 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கன்ட்ரோலர் செய்தது தவறு என்று தீர்ப்பளித்தன. வரவு செலவு மதிப்பீடு சட்டமன்றத்தின் வேலை. மதிப்பீடு சரியா என்று செக் எழுதுகிறவர் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால், சட்டமன்றத்தின் சம்பளப் பை நிர்வாகத்தின் கையில் போய்விடும்.

வங்கியில் செக்கைத் திருப்பும்போது 'ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்' என்று மெமோவில் எழுதுவது லெட்ஜரை வைத்திருக்கும் கிளை. செக்கு எழுதியவரே தன் கணக்கில் பணம் இருக்கிறதா இல்லையா என்று மெமோ எழுதிக்கொள்ள விட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் இந்தத் தீர்ப்பைப் படித்தபோது முதலில் எனக்கு ஒட்டவில்லை. பிறகு யோசித்தால், இங்கே லெட்ஜரில் இருந்தது பணம் அல்ல, அடுத்த ஆண்டு வரப்போகும் வரியைப் பற்றிய ஒரு ஊகம். ஊகத்துக்கு மெமோ எழுத முடியாது. தவறு மக்கள் எழுதிய வாசகத்தில் இருந்தது. 1எஃப்-ல் இருந்த தேதியும் அளவும் கையெழுத்தும் போல, பட்ஜெட் சமனாக இருக்கிறதா என்று சான்று கொடுப்பவர் யார் என்பதை 25-ல் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் இந்தப் பேனா விஷயத்தில் முன்யோசனையாகவே இருந்தார்கள். அரசுப் பணியாளர் தேர்வாணைய உறுப்பினர் நியமிக்கப்பட்ட பிறகு அவருடைய பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றக்கூடாது என்கிறது 318-ஆவது பிரிவு. வேண்டாத தேர்வு முடிவு வந்தால் சம்பளத்தில் கை வைக்க யாராலும் முடியாது. அதே சமயம் 360-ஆவது பிரிவில், குடியரசுத் தலைவர் நிதி நெருக்கடி நிலை அறிவித்தால் எல்லா அரசுப் பணியாளரின் சம்பளத்தையும், நீதிபதிகளின் சம்பளத்தையும்கூடக் குறைக்க உத்தரவிடலாம். அப்படி ஒரு அறிவிப்பு இதுவரை வந்ததே இல்லை.

கொரோனா காலத்தில் அந்தப் பிரிவைத் தொடாமலே காரியம் நடந்தது. 2020 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டம் நாடாளுமன்ற உறுப்பினர் சம்பளத்தை 30 விழுக்காடு குறைத்தது. ஒரு லட்சம் எழுபதாயிரம் ஆனது. குடியரசுத் தலைவரும் ஆளுநர்களும் தாங்களாகவே 30 விழுக்காட்டை விட்டுக்கொடுத்தார்கள். இரு அவைகளுக்கும் சேர்த்துச் சம்பளத்தில் மட்டும் ஆண்டுக்கு மிச்சம் 28 கோடி ரூபாய் அளவுக்கு வரும். அதே நாளில் இரண்டு ஆண்டுக்கு நிறுத்திய தொகுதி மேம்பாட்டு நிதி 7,900 கோடி. பற்றாக்குறைக்கு விளக்கமும் கொடுக்கவில்லை, சான்றளிக்க ஆளும் வைக்கவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் ஓராண்டு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 2021 மார்ச் 31-ஆம் தேதி வெட்டு தானாக முடிந்தது; பற்றாக்குறை முடிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மத்திய அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் முடக்கிய அகவிலைப்படி 2021 ஜூலையில் 17-லிருந்து 28 விழுக்காடாக வந்தது. முடங்கியிருந்த பதினெட்டு மாதத்துக்கு நிலுவை கிடையாது என்று உத்தரவிலேயே இருந்தது. ஏ பிளாக்கில் இரண்டு பேர் அந்த உத்தரவின் நகலை இன்னும் ஃபைலில் வைத்திருக்கிறார்கள்.